பொட்டு வைத்த மெஷின்

எங்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கூடையைத்தான். முதுகில் கூடை மாட்டிய பெண்கள் எங்கே, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும். அந்தக் கூடை என் அம்மாவின் முதுகில் காலமெல்லாம் இருந்தது. இன்றைக்கு அந்த முதுகு நிமிர மாட்டேன் என்கிறது. அவ்வளவு ஆசையாக இருந்தால் ஈரக் கொழுந்தோடு அதை மாட்டிக்கொண்டு ஒரு தடவை மேடு ஏறிப் பார்க்கட்டும், அப்புறம் படத்தைப் பற்றிப் பேசலாம். இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் என்ன, உங்கள் முகத்தில்தான் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறதே என்பாள் என் நாத்தனார்.

நான் கொழுந்து வெட்டுகிற மெஷின் பிடிக்கிறவள். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் பிடிக்கிற மெஷின்கள் இப்போது நாலைந்து ஓடுகின்றன. அதில் முதல் மெஷின் நானும் என் நாத்தனாரும் பிடித்தது. இதைச் சொல்லும்போது எனக்குத் தலைக்கனம் வந்துவிடுகிறது என்று வீட்டில் குறை சொல்கிறார்கள். வரட்டுமே, கூடையைவிட அது ஒன்றும் கனமில்லை.

என் சின்ன வயதில் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், நிற்க இடம் இருக்காது. பிறகு லயத்துப் பிள்ளைகள், தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள், ஒவ்வொருவராக மலையிறங்கினார்கள். என் அண்ணன் பினாங்கில் ஏதோ கம்ப்யூட்டர் சிப்பு செய்கிற ஃபேக்டரிக்குப் போனான். என்னோடு படித்தவர்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அவர்கள் விட்டுப்போன நிரைகளில், தேயிலைச் செடி வரிசைகளில், நேபாளத்துக்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும் வந்து நின்றார்கள். வந்தவர்கள் எங்களிடம் வேலையோடு வார்த்தைகளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள். எங்கோ இமயமலைப் பக்கம் பிறந்த ஆள் "கொழுந்து முத்திடுச்சி அக்கா" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்னமும் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன.

எங்கள் தேயிலை ஃபேக்டரியும் மாறியது. இலையை வாட்டுவதற்குப் பெரிய காற்றாடிகள் வந்தன. தூளைப் பிரிக்க வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் இடத்தில் ஒரு மெஷின் வந்தது, அதற்குப் பக்கத்தில் ஸ்விட்சைத் தட்ட ஒரே ஓர் ஆள். ஆக, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஃபேக்டரியைத் தேடிக் கீழே இறங்கினார்கள், ஃபேக்டரி எங்களைத் தேடி மேட்டில் ஏறியது. சில வருஷங்களுக்கு முன் அது தேயிலைச் செடி வரைக்கும் வந்துவிட்டது.

ஒரு நாள் பெரட்டில் துரை விஷயத்தைச் சொன்னார். துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மேனேஜர் லிப்பிஸ் பக்கத்து மலாய்க்காரர். அவரே எத்தனையோ தடவை சொல்லியும் நாங்கள் துரை என்று கூப்பிடுவதை விடவில்லை. ஜப்பானிலிருந்து வெட்டு மெஷின் இரண்டு வருகின்றன, இனிமேல் கையால் கிள்ளுவது கிடையாது, ஆண்கள் மெஷினுக்குப் போவார்கள், பெண்களில் விருப்பப்பட்டவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். விலகிக்கொள்ளலாம் என்பது எவ்வளவு மரியாதையான வார்த்தை என்று நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

எங்கள் வீட்டு நிலைமை இதுதான். லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். என் கணவர் லெம்பா பெர்த்தாமிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார், அவருக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை. நாத்தனார் அவருடைய தங்கை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தவள். நானும் அவளும் கொழுந்து கிள்ளியதால்தான் அந்த வீடு எங்களுக்கு. நாங்கள் விலகிக்கொண்டால் வீடும் விலகிக்கொள்ளும். நான் பிறந்தது அதே லயத்தின் கடைசி வீட்டில். வேறு எங்கே போவது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

பயம் வந்தால் சிலர் அழுவார்கள். எனக்குக் கோபம் வரும். வரிசையிலிருந்து முன்னால் போய் நின்றேன்.

"துரை, அந்த மெஷின எங்களுக்கும் குடுங்க. நாங்க புடிக்கிறோம்."

எங்கள் கூட்டத்தை மேய்க்கிற மண்டோர் லேசாகச் சிரித்தார். நல்ல மனிதர்தான், எனக்கு மாமா முறை. பொம்பளைங்க எப்படிம்மா அதத் தூக்கிக்கிட்டு மேட்ல நடப்பீங்க என்று கேட்டார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இத்தனை வருஷமாக நாங்கள் முதுகில் சுமந்தது என்ன பஞ்சு மூட்டையா, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் கூடையைத் தூக்கினோமே, அப்போது யாராவது வந்து எப்படியம்மா தூக்குகிறாய் என்று கேட்டீர்களா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். பழகிக்கொள்ள ஒரு வாரம். அதற்கப்புறம் ஒரு நாள் சோதனை. ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிற மேட்டை மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் வெட்டி முடித்தால் ஒரு மெஷின் எங்களுக்கு. முடிக்காவிட்டால் இரண்டும் ஆண்களுக்கு.

என்னோடு யார் வருகிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நாத்தனார் மட்டும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். வில் மாதிரி வளைந்த நீளமான கத்தி, ஒரு முனையில் எஞ்சின், பின்னால் வால் மாதிரி நீண்ட பை. நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு செடியின் தலைமேல் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். பையைப் பிடிக்கப் பின்னால் ஓர் ஆள். அதற்குப் பக்கத்து வீட்டு அக்காவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தோம். கனம் ஒரு பிரச்சனையே இல்லை. பிடித்திருக்கிற இரண்டு பேரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், ஒரே உயரத்தில் பிடிக்க வேண்டும், அதில்தான் வந்தது சங்கடம். எனக்கும் நாத்தனாருக்கும் வீடு ஒன்று, அடுப்பு ஒன்று, கோபம் மட்டும் தனித்தனி. குழம்பில் உப்புக்காக ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறோம். முதல் நாள் அவள் விறுவிறுவென்று நடந்தாள், நான் பின்தங்கினேன், செடி ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் குடுமி. மூன்றாம் நாள் சண்டை முற்றி மெஷினைக் கீழே வைத்துவிட்டு ஆளுக்கொரு நிரையில் உட்கார்ந்துகொண்டோம். பை பிடிக்கிற அக்காதான் வீட்டை நினைத்துக்கொண்டு நடங்கள் என்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு கால்கள் தானாக ஒத்துவந்தன. அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது, என் கை தளர்வது அவளுக்குத் தெரிந்தது. எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாதது அந்த வாரத்தில் தெரிந்தது.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம், மெஷினுக்குப் பூஜை போட்டுவிடலாம் என்று லயமே சொன்னது. மோட்டார், லோரி, கம்போங் ராஜாவில் வாங்குகிற பழைய கெரேட்டா, அதாவது கார், எதுவாக இருந்தாலும் எஞ்சின் இருந்தால் எங்கள் மாரியம்மன் முன்னால் ஒரு முறை நின்றாக வேண்டும். துரை சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார். மண்டோர்தான் கோயில் தலைவர். எங்களுக்கு எதிராகப் பேசினாலும் எலுமிச்சம்பழத்தை அவரே வாங்கி வந்திருந்தார். மாலை போட்டாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்பதில் வந்து நின்றது. சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவதுதான் வழக்கம். இதற்குச் சக்கரம் கிடையாதே. பூசாரி கத்தியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மண்டோரைப் பார்த்தார். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நாத்தனார் பழத்தைப் பூசாரி கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தாள்.

"இதுக்கு நாமதான் அண்ணி சக்கரம்," என்று சொல்லிக் குதிகாலால் ஒரே மிதி.

அப்புறம் சந்தனம். பூசாரி கிண்ணத்தைப் பெண்கள் பக்கம் நீட்டியதும் அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். புருஷன் போன அன்று உறவுக்காரிகள் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டதற்கு அப்புறம் அவள் ஒரு ஸ்டிக்கர் பொட்டுகூட வைத்ததில்லை. இந்தக் காலத்தில் யார் இதைப் பார்க்கிறார்கள் என்று நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், கேட்டதில்லை. அன்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். மெஷின் பிடிக்கப் போகிறவள் நீ, நீதான் வைக்க வேண்டும் என்றேன். மண்டோர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நாத்தனார் கிண்ணத்தை வாங்கினாள். பெட்ரோல் ஊற்றுகிற மூடி உருண்டையாக ஒரு சின்ன நெற்றி மாதிரி மேலே இருந்தது. அதன் நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். இத்தனை வருஷத்துப் பாக்கியையெல்லாம் சேர்த்து வைத்தது போல அவ்வளவு தடிமன். தள்ளி நின்று பார்த்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் காலை மூடுபனி இன்னும் விலகவில்லை. கயிற்றை ஓர் இழு இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேட்டின் அடியிலிருந்து ஆரம்பித்தோம். கத்தி சரசரவென்று போனது, கொழுந்து பைக்குள் பறந்தது, பின்னால் செடிகள் மேஜை விரிப்பு மாதிரி சமமாகக் கிடந்தன. எனக்குச் சந்தோஷத்தில் பாட வேண்டும் போல இருந்தது. நிரையில் பாதி தாண்டியதும் எஞ்சின் இருமியது. இன்னும் இரண்டு இருமல். நின்றுவிட்டது.

இழுத்தேன். இழுத்தேன். தோள் கழன்றுவிடும் போல இழுத்தேன். பெட்ரோல் இருக்கிறதா என்று நாத்தனார் மூடியைத் திறந்தாள், உஸ் என்று ஒரு சத்தம், உள்ளே தளும்பத் தளும்ப இருந்தது. மூடிவிட்டு இழுத்ததும் உடனே பிடித்துக்கொண்டது. அப்பாடா என்று நடந்தால் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே இருமல், அதே சாவு. அடுத்த மலையில் நேபாளத்துக்காரர்களின் மெஷின் ஒரே சீராகப் பாடிக்கொண்டிருந்தது. மண்டோர் வந்து ப்ளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டார். கார்பரேட்டராக இருக்கும், தானா ராத்தா டவுனுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். கேலியே இல்லை அவர் குரலில். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். துரை மேலே ரோட்டில் ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பை பிடித்த அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மேட்டுக்குக் கீழே எங்கள் லயத்துத் தகரக் கூரைகள் தெரிந்தன. எங்கள் கூரையைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

நாத்தனார் மறுபடியும் மூடியைத் திறந்தாள். மறுபடியும் உஸ். மறுபடியும் எஞ்சின் பிடித்தது, மறுபடியும் நின்றது. அந்த உஸ்தான் என் காதில் தங்கிவிட்டது. யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சை விடுகிற சத்தம். வீட்டில் காலையில் டீ கலக்கும்போது பால் டின்னில் ஒரே ஓர் ஓட்டை போட்டால் பால் இறங்காது. எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டுக் காற்று விட வேண்டும். எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? மூடியைக் கையில் வாங்கித் திருப்பினேன். உட்பக்கம் நடுவில் ஒரு சின்னத் துளை. வெளிப்பக்கம் அதே இடத்தில் எஞ்சின் சூட்டில் ஓடாக இறுகிக்கிடந்தது நாங்கள் வைத்த பொட்டு.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாமிக்கு வைத்த சந்தனத்தால் சாமி கொடுத்த மெஷினின் மூக்கை அடைத்த கூட்டம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். விரல் நகத்தால் சுரண்டப் போனேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க அண்ணி. நான் வச்சது. அழிக்க வேணாம்."

மேலே துரை நிற்கிறார், சூரியன் ஏறிக்கொண்டிருக்கிறது, வீடு போகப் போகிறது, இவள் பொட்டுக்காக மல்லுக்கட்டுகிறாள். வேறொரு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் அவள் எந்தப் பொட்டைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவளுடையதை அழித்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன், எனக்கும் தடுக்கத் தெரியவில்லை. இதையும் அழித்துவிட்டு ஒரு மெஷினை வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு கணம் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளையும் வேலை செய்யும்.

"ஊக்கு இருக்கா?"

அவள் மேல்சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். மூடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்பக்கத்துத் துளை வழியாக ஊக்கை மெதுவாக விட்டேன். குங்குமத்தின் நடுவில் ஒரு புள்ளியாக முனை வெளியே வந்தது. ஊதிப் பார்த்தேன், காற்று போனது. பொட்டு அப்படியே இருந்தது, நடுவில் ஒரு மூச்சுத் துளையோடு. மூடியைத் திருகினேன், கயிற்றை இழுத்தேன்.

அதற்கப்புறம் எஞ்சின் நிற்கவில்லை. நாங்களும் நிற்கவில்லை. பத்து மணி டீயை வேண்டாம் என்றுவிட்டோம். பையை மாற்றுகிற நேரம்தான் ஓய்வு. பை பிடித்த அக்கா சறுக்கி விழுந்து, எழுந்து, சேற்றோடு ஓடி வந்தார். அவள் கால் வைத்தால் நான் கால் வைத்தேன். கடைசி நிரையின் முனைக்கு வந்து கத்தியைத் தூக்கியபோது இரண்டு கையும் என்னுடையவை இல்லை என்பது போல இருந்தது. எஞ்சினை அணைத்ததும் அவ்வளவு அமைதி. ஃபேக்டரிச் சங்கு அதற்குப் பிறகுதான் ஊதியது.

துரை இறங்கி வந்தார். செடியின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி விரித்துப் பார்த்தார், குச்சி எவ்வளவு, முத்தல் எவ்வளவு என்று. மண்டோரும் அள்ளிப் பார்த்தார். மலாயில் முடியும் என்பதற்கு ஒரே ஒரு சொல்தான்.

"போலே," என்றார் துரை. பிறகு எங்கள் தமிழில், "மெஷின் உங்களுக்குத்தான்லா."

எஞ்சினுக்கு என்ன ஆனது என்று அவர் கேட்டபோது மண்டோர் முந்திக்கொண்டு, எல்லாம் சரியாத்தான் இருக்கு துரை, புது மெஷின், ஆளுங்களுக்குப் பழகணும்ல என்று சொல்லிவிட்டார். கோயில் தலைவருக்குக் கோயில் மானம் முக்கியம். ஆனால் லயத்தில் எது மறையும்? சாயங்காலத்துக்குள் கதை ஃபேக்டரி வரைக்கும் போய்விட்டது. இன்றைக்கும் புது மெஷின் வந்தால் மூடிக்குப் பொட்டு வைத்து நடுவில் ஊக்கால் ஒரு குத்து குத்துவது எங்கள் தோட்டத்து வழக்கம். நேபாளத்துக்காரர்கள் அதையும் ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டு பக்தியோடு குத்துகிறார்கள். யாரும் அவர்களைத் திருத்தவில்லை.

அந்தச் சாயங்காலம் நானும் நாத்தனாரும் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கோலாலம்பூர் ரோட்டில் இருந்தார். போனில் சொன்னேன், ஹாரனை இரண்டு முறை அடித்துக் காட்டினார். நான் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். நாத்தனார் தன் கட்டிலுக்கு அடியில் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். முட்டைக்கோஸ் ஏற்றுகிற அட்டைப்பெட்டி, ராஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியது. என்னவென்று கேட்டேன். அவள் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அவளுடைய சேலைகள், எங்கள் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு, என் பிள்ளைகள் குழந்தையாக இருந்தபோது போட்ட கொலுசு, அலமாரியில் காணோமே என்று நான் அந்த வாரம் தேடிய நல்ல கிண்ணங்கள். எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி அடுக்கியிருந்தாள்.

"நீங்க நம்பிக்கையா இருந்தீங்க அண்ணி. ஒங்க முன்னாடி கட்ட மனசு வரல. ஒருத்தியாவது கட்டி வைக்கணும்ல."

நான் நம்பிக்கையாக இருந்தேனா? கோபமாக இருந்தேன், அவ்வளவுதான். பயத்தை முழுக்க அவள் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, காலையில் எழுந்து என்னோடு கால் தப்பாமல் நடந்திருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், மறைக்கவில்லை. பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கிண்ணங்கள் அலமாரிக்குப் போயின, விளக்கு சாமி மாடத்துக்குப் போனது. பெட்டியின் அடியில் அவள் புருஷனின் படம். அதை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டப் பார்த்தவள் அப்படியே நின்றாள். சுவரில் வெறும் துளைதான் இருந்தது. ஆணியையும் பிடுங்கிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.

நான் அம்மிக் குழவியை எடுத்து வந்தேன். அவள் ஆணியை விரலால் பிடித்துக்கொண்டாள். இந்த முறை நன்றாக ஆழமாக அடித்தேன்.